டோல்மன் மேட்டுத் தண்ணீர்

எங்கள் பக்கத்தில் வெறும் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. சட்டம் அப்படி. ஐந்து வருஷம் ஒருவன் தன் பங்குத் தண்ணீரை எடுக்காமல் விட்டால் அந்தப் பங்கு அவனுடையது இல்லை என்றாகிவிடும். கொலம்பியா ஆற்றங்கரையில் மழை என்பது எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற சமாச்சாரம். தண்ணீர்ப் பங்கு இல்லாத நிலம் முள்செடிக்கும் முயலுக்கும்தான் ஆகும். ஆகவே மரத்தைப் பிடுங்கிப் போட்டவனும் விவசாயத்தை விட்டவனும் பேருக்குக் கொஞ்சம் புல் விதைத்துவிட்டு, கோடை முழுக்கத் தெளிப்பான்களைச் சுற்றவிட்டுக்கொண்டிருப்பான். கேட்டால், "பங்கைக் காப்பாத்திக்கிட்டு இருக்கேன்" என்பான். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அவனும் கேட்கமாட்டான், அவனைப் பார்க்கிறவனும் கேட்கமாட்டான். எனக்கு எங்கள் ஆட்கள்மேல் கோபம் என்றால் அது ஒன்றுதான்.

ஆர்லிஸ் டோல்மனும் அதையே செய்துகொண்டிருந்தாள். ஆற்றங்கரையில் செங்குத்தாக நிற்கும் வெள்ளைமண் சரிவின் உச்சியில் இருந்தது டோல்மன் மேடு. அப்பா விட்டுப்போன நிலம், அவளுக்கும் தம்பி டுவேனுக்கும் சரிபாதி. அவள் கணவன் ஹார்லன் இருந்த காலத்தில் மேடு முழுக்க ஆப்பிள் மரங்கள் நின்றன. அந்தச் சிவப்பு ஜாதி ஆப்பிளைச் சீந்துவார் இல்லாமல் போனதும் மரங்களைப் பிடுங்கி எரித்தார்கள். ஹார்லனும் போய்ச் சேர்ந்தான். திராட்சை வைக்கிற பெரிய தோட்டக்காரர்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பார்த்தது மண்ணை இல்லை, தண்ணீரை. நல்ல விலை படியும்வரை தண்ணீர் நிற்கக் கூடாது என்று டுவேன் அடிக்கடி போன் செய்து சொல்லிக்கொண்டே இருப்பான். ஆகவே வெற்று மேட்டில் தெளிப்பான்கள் டிக் டிக் என்று சுற்றிக்கொண்டிருந்தன.

சரிவுக்கு அடியில், ஆற்றை ஒட்டி, செர்ரித் தோட்டம் இருந்தது. அதன் ஓரத்து மரவீட்டில் ஃபிடெலும் அவன் மனைவி ஒடிலியாவும் குடியிருந்தார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த காலம் முதல் டோல்மன் தோட்டத்தில்தான் வேலை. அந்த வீட்டை ஹார்லன்தான் கட்டிக் கொடுத்து, "இது உங்க வீடு" என்று சொன்னான். ஒடிலியா அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாள். பழைய டயர்களில் மிளகாய்ச் செடி வைத்தாள், கோழிக்கூண்டு அடித்தாள், சமையலறைச் சுவரை மஞ்சளாக்கினாள். சின்ன உருவம், ஆனால் குரல் ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும். ஃபிடெல் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

ஆர்லிஸுக்கு அறுபத்தெட்டு வயது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள். வாழ்நாளில் அவளிடம் எல்லோரும் கேட்டது சாப்பாடு ஆயிற்றா, டிராக்டர் சாவி எங்கே, இந்த இரண்டு கேள்விகளைத்தான். ஹார்லன் நல்ல மனிதன். ஆனால் அவள் எதையாவது யோசித்துக் கேட்டால், "அதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று முடித்துவிடுவான். அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்த வசந்தத்தில்தான் அவளுக்கு ட்ரூடி வோஸ் கிடைத்தாள். ட்ரூடி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியில் மண்ணும் மலையும் பற்றிப் பாடம் நடத்துகிறவள். கல்லூரியைப் பூட்டிவிட்டார்கள் என்றதும் தன் கார் நிறுத்தும் கொட்டகையிலேயே நின்று, கதவின் உட்பக்கத்தில் சாக்பீஸால் எழுதி, இணையத்தில் நேரலையாகப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். புருஷன் கேமராவைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருப்பான். "ஏங்க, பார்க்கிறவங்களுக்குப் பயமா இருக்காதா? இது கொரோனா இல்லைங்க, சாக்பீஸ் தூசி" என்று ட்ரூடி கேமராவைப் பார்த்துச் சொல்வாள். பாடம் தொடங்குமுன், எழுதி அனுப்பியவர்களின் பெயரையும் ஊரையும் படிப்பாள். முதல் தடவை அவள் வாயிலிருந்து, "டோல்மன் மேட்டிலேர்ந்து ஆர்லிஸ் வந்திருக்காங்க. வாங்க ஆர்லிஸ், உக்காருங்க" என்று வந்தபோது, ஆர்லிஸ் தன் சமையலறையில் நின்றுகொண்டிருந்தவள் உண்மையாகவே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. தன் காலடி மண்ணுக்கு இத்தனை கதை இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. நிலம் பிளந்து நெருப்புக் குழம்பு பெருகி ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படிந்து கறுப்புப் பாறையானது, அதன்மேல் பழைய ஏரி ஒன்று லட்சக்கணக்கான வருஷம் கிடந்து வெள்ளைக் களிமண்ணைப் படியவிட்டது, வடக்கே பனிக்கட்டி அணை உடைந்து உடைந்து வெள்ளம் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. ட்ரூடி இதையெல்லாம் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்கிற மாதிரி சொல்வாள். ஆர்லிஸ் ஒரு நாள், "எங்கள் சரிவில் வெள்ளை மண்ணுக்கு நடுவே கூழாங்கல் வரிசை இருக்கிறதே, ஏரியில் கூழாங்கல் எப்படி வரும்?" என்று எழுதி அனுப்பினாள். ட்ரூடி படித்துவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "என் மாணவர்கள்ல ஒருத்தரும் இதைக் கேட்டதில்ல. ஆர்லிஸ், அது ஆறு. ஏரிக்கு நடுவில ஆறு வந்து போயிருக்கு. பிரமாதமான கேள்வி." அன்று ஆர்லிஸ் அழுதாள். வெட்கமாக இருந்தாலும் அழுதாள்.

படித்ததைச் சொல்ல ஆள் வேண்டுமே. மத்தியானம் செர்ரி மரத்தடியில் ஃபிடெலும் ஒடிலியாவும் சாப்பிட உட்காரும்போது இவளும் தன் நாற்காலியோடு போய் உட்கார்ந்துவிடுவாள். ஃபிடெல் தலையாட்டிக் கேட்பான். ஒடிலியா சும்மா இருக்கமாட்டாள். எஜமானியம்மா என்பதற்கு அவள் மொழியில் 'தோன்யா'; ஆர்லிஸை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"வந்துட்டாங்கய்யா தோன்யா ஆர்லிஸ், கல்லு ஜெபம் சொல்ல. ஃபிடெல், தொப்பியைக் கழட்டு."

"சிரி, சிரி. நீ உக்காந்திருக்கிற இடத்துல ஒரு காலத்துல ஒட்டகம் மேஞ்சுது தெரியுமா?"

"இப்ப மட்டும் என்னவாம்? நாள் முழுக்கத் தண்ணி குடிக்காம வேலை பார்க்குதே, அது என்ன?" என்று புருஷனைக் காட்டுவாள். ஃபிடெலே சிரித்துவிடுவான்.

மே மாதத்தில் ட்ரூடி நிலச்சரிவைப் பற்றிப் பாடம் எடுத்தாள். தட்டில் ஈரக் களிமண்ணைப் பூசி, அதன்மேல் கேக் துண்டை வைத்து, தட்டைக் கொஞ்சம் சாய்த்து, கேக்கின்மேல் கெட்டிலிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் பாட்டுக்குத் தன் பூனையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே கேக் முழுசாக வழுக்கிக் கொட்டகைத் தரையில் விழுந்தது. "மேல ஊத்துற தண்ணி களிமண்ணுல போய் நிக்கும், கீழ இறங்க வழியில்லாம பக்கவாட்டுல நடக்கும். வறண்ட சரிவோட நடுவயித்துல நாணல் பச்சையா முளைச்சிருந்தா, அங்க தண்ணி வெளிய வருதுன்னு அர்த்தம். உச்சியில விளிம்புக்கு இணையா வெடிப்பு ஓடுதான்னும் பாருங்க."

ஆர்லிஸ் அதற்குமேல் கேட்கவில்லை. கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கீழே போனாள். ஒடிலியாவின் வீட்டுக்கு நேர் மேலே, வெள்ளைச் சரிவின் பாதியில், நாணல் அடர்ந்து நின்றது. எத்தனையோ வருஷமாக அதைப் பார்த்து அழகு என்று சொல்லியிருக்கிறாள். ஒடிலியா அங்கே ஏறிப் புதினா பறித்து வருவாள். பிறகு மேலே போய் மேட்டின் விளிம்பைப் பார்த்தாள். வெடிப்பும் இருந்தது. வருஷா வருஷம் அதில் மண்ணைத் தள்ளி மூடியதே அவளும் தோட்டத்து ஆட்களும்தான். ஏதோ பிராணி வளை தோண்டுகிறது என்று டுவேன் சொன்னதை எல்லோரும் நம்பியிருந்தார்கள். தெளிப்பான்கள் அவள் முதுகுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலமே அவள் வால்வை மூடினாள். டுவேன் விஷயம் தெரிந்து பறந்துவந்தான்.

"உனக்கு மூளை கீளை கலங்கிப்போச்சா? தண்ணியை நிறுத்திட்டேங்கிற!"

"டேய், மலை நகருதுடா. கீழ ரெண்டு உசுரு இருக்கு."

"எவளோ ஒருத்தி கார் கொட்டாயில நின்னு கேக்கைப் போட்டு உடைச்சாளாம், இவ அப்பன் தேடி வெச்ச தண்ணியை நிறுத்துவாளாம்."

"நீ வந்து அந்த நாணலைப் பாரு."

"நாணல் நான் பொறக்குறதுக்கு முன்னாடியிருந்து இருக்கு."

"அப்பா தண்ணி விட்டது நீ பொறக்குறதுக்கு முன்னாடிதான்டா."

டுவேன் கத்தினான், கெஞ்சினான், வக்கீலிடம் போவேன் என்றான். ஆர்லிஸ் அசையவில்லை. அவள் செய்ததில் இது மட்டும் முழுக்கச் சரி. இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அப்பன் தேடி வைத்த தண்ணீரை, ஊரில் எவனும் கை வைக்கத் துணியாததை, ஒற்றை ஆளாக நிறுத்தினாள்.

ஃபிடெலையும் ஒடிலியாவையும் தன் வீட்டுக்கே அழைத்து வந்தாள். அவள் வீடு விளிம்பிலிருந்து தள்ளி, கறுப்புப் பாறைமேல் இருந்தது. சாமான்களும் கோழிகளும் டயர்களும் மேலே வந்தன. ஒடிலியா மட்டும் மனசோடு வரவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்கு ஒரு சமையலறை என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பன்றிக்கொழுப்பை உருக்கினால் ஆர்லிஸுக்குத் தும்மல் வரும். ஆர்லிஸ் தட்டுகளை அடுக்குகிற விதம் ஒடிலியாவுக்குப் பிடிக்காது.

"என் ஜன்னல்ல ஆறு தெரியும். இங்க என்ன தெரியுது? உங்க புரொப்பேன் கேஸ் டேங்க் தெரியுது."

"உசுரோட இருந்து டேங்க்கைப் பாரு."

"ஒண்ட வந்தவ ஜன்னலைப் பத்திப் பேசக் கூடாதுதான்."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லல. நான்தான் சொல்றேன்."

ஒரு பக்கம் இப்படிச் சண்டை நடக்கும். இன்னொரு பக்கம், சாயங்காலம் ட்ரூடியின் பாடம் தொடங்கினால் முதலில் வந்து உட்காருவது ஒடிலியாதான். மொழி பாதிதான் புரியும். ட்ரூடியின் புருஷன் இருமும்போதெல்லாம், "அந்த ஆளுக்குத் தேன் குடுங்கம்மா!" என்று திரையைப் பார்த்துக் கத்துவாள். ஹார்லன் போனதிலிருந்து அந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை. ஆர்லிஸுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று ஒடிலியாவிடம் அவள் சொல்லவில்லை.

இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று ட்ரூடிக்கு எழுதிக் கேட்டாள். ட்ரூடி நேரலையில் பதில் சொல்லாமல் போனிலேயே கூப்பிட்டாள். "ஆர்லிஸ், நீங்க செஞ்சது நல்ல காரியம். ஆனா உள்ள போன தண்ணி எப்ப வெளிய வரும்னு நான் கொட்டகையில உக்காந்து சொல்ல முடியாது. மாநில அரசுல மலைச்சரிவு பார்க்கிறவங்க இருக்காங்க. துளை போட்டு உள்ள தண்ணி எவ்வளவு உயரம் நிக்குதுன்னு பார்ப்பாங்க. அவங்களைக் கூப்பிடுங்க. நம்பர் தரேன்." ஆர்லிஸ் நம்பரை எழுதிக்கொண்டாள்.

கூப்பிடவில்லை.

முதல் காரணம் டுவேன் சொன்னது. "அரசாங்கத்துக்காரன் வந்தா என்ன பண்ணுவான் தெரியுமா? அந்த வீட்டுக் கதவுல சிவப்புக் காகிதம் ஒட்டுவான். அப்புறம் அதுல நாய்கூடப் படுக்க முடியாது. உன் ஒடிலியாவுக்கு வீடு கெடச்ச மாதிரிதான்." அவன் தன் ஆதாயத்துக்குச் சொன்னான். ஆனால் அது பொய்யும் இல்லை. ஒடிலியாவின் மஞ்சள் சமையலறையில் யாரோ ஒருவன் சிவப்புக் காகிதம் ஒட்டுவதை ஆர்லிஸால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. நாணலைப் பார்த்தவள் அவள், வெடிப்பைக் கண்டுபிடித்தவள் அவள், தண்ணீரை நிறுத்தியவளும் அவளே. இத்தனைக்கும் பிறகு அடையாள அட்டை மாட்டிய ஓர் இளைஞன் வந்து தன் மலையைத் தனக்குச் சொல்லிக்கொடுப்பதா? வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குக் கெட்டிக்காரி என்று பெயர் கிடைத்திருந்தது. அதை இன்னொருத்தன் கையில் கொடுக்க மனசு வரவில்லை.

வெடிப்பின் இரண்டு பக்கத்திலும் இரும்புக் கம்பி அடித்து, நடுவில் டேப் பிடித்து, தானே அளக்க ஆரம்பித்தாள். கோடை போயிற்று. வெடிப்பு விரியவில்லை. அந்தக் குளிரில் பனி கொஞ்சமாகவே விழுந்தது. அடுத்த வசந்தம் எங்கள் பக்கத்தில் யாரும் கண்டிராத வறட்சி. கோதுமைக்காரர்கள் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்லிஸ் மட்டும் சந்தோஷமாக இருந்தாள். கம்பிகள் வைத்த இடத்தில் அப்படியே நின்றன. நாணலின் நுனி பழுக்க ஆரம்பித்தது. வறட்சியில் எந்தச் சரிவும் சும்மாதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ட்ரூடி அதையும் சொல்லியிருந்தாள். ஆனால் தண்ணீரை நிறுத்தியதால்தான் மலை நின்றது என்று நம்ப அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆசைப்பட்டதையே நம்பினாள்.

ஒடிலியா தினமும் அவள் முகத்தையே பார்ப்பாள். ஒருநாள் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வந்து கேட்டாள்.

"தோன்யா, நின்னுடுச்சா?"

"கம்பி அசையல."

"கம்பி கதை வேணாம். மலை நின்னுடுச்சா? ஆமா, இல்ல, ஒண்ணு சொல்லுங்க."

ஆர்லிஸ் ஒரு கணம் யோசித்தாள். "நின்னுடுச்சு" என்றாள்.

ஒடிலியா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதே வாரம் கோழிகளும் டயர்களும் கீழே இறங்கின. வீடு குடிபோன அன்று ஒடிலியா ஆட்டுக்கறி சமைத்து, செர்ரி பறிக்க வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தாள். "இந்த அம்மா மலையைப் பார்த்து நில்லுன்னாங்க, நின்னுடுச்சு. நான் ஃபிடெலைப் பார்த்துச் சொன்னா அவன்கூட நிக்கமாட்டான்" என்று எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் ஆர்லிஸுக்காகக் கை தட்டினார்கள். அவள் முகம் சிவக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள். பாவி, அப்படிச் சந்தோஷமாக இருந்தாள்.

அடுத்த குளிரில் பனி கொட்டித் தீர்த்தது. மேட்டின்மேல் முழங்கால் உயரம் கிடந்து, மார்ச்சில் வெதுவெதுப்பான மழை பெய்து ஒரேயடியாகக் கரைந்தது. ஆர்லிஸ் கம்பிகளை அளக்கப் போகவில்லை. இடுப்பு வலி ஒரு சாக்கு. அளக்க இனி என்ன இருக்கிறது என்ற எண்ணமும்தான்.

அப்படி ஒரு நாள் காலையில் ஃபிடெல், செர்ரிக் கிளை வெட்டும் கத்தரிக்கோலைத் தீட்ட மேலே ஆர்லிஸின் கொட்டகைக்கு வந்திருந்தான். இருவரும் வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பாரம் ஏற்றிய லாரி தூரத்தில் போகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ரோட்டில் லாரி இல்லை. ஃபிடெல் காப்பியை எறிந்துவிட்டு ஓடினான். மேட்டின் விளிம்பு இருந்த இடத்தில் வானம் இருந்தது. வெடிப்புக்கு அந்தப் பக்கம் இருந்த நிலம் மொத்தமும், இரும்புக் கம்பிகளில் ஒன்றோடு, கீழே போயிருந்தது. ஈரமான வெள்ளை மண் செர்ரித் தோட்டத்தின் பாதியை மூடி ஆற்றுக்குள் போய் நின்றிருந்தது. வீடு இருந்த இடம் எது என்று ஆர்லிஸால் அடையாளம் சொல்ல முடியவில்லை. ஃபிடெலுக்கு மட்டும் தெரிந்தது. அவன் நேராக அங்கே இறங்கிப் போய்க் கையால் தோண்டினான்.

மூன்றாம் நாள் ஒடிலியாவை எடுத்தார்கள். சமையலறையில்தான் இருந்திருக்கிறாள்.

பக்கத்து நகரமான பாஸ்கோவின் சர்ச்சில் நடந்த இறுதிப் பூசைக்கு ட்ரூடி வோஸ் வந்தாள். ஆர்லிஸ் அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. திரையில் தெரிந்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். சவப்பெட்டியைப் பார்த்துவிட்டுக் கோயில் வாசலில் வந்து ஆர்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள உங்க அப்பா காலத்துத் தண்ணியே இன்னும் இருந்திருக்கும், ஆர்லிஸ். நீங்க நிறுத்தினது தப்பில்ல. அது வடிய எத்தனையோ வருஷம் ஆகும். அதுக்குள்ள இந்தப் பனி."

"நீங்க போன் பண்ணச் சொன்னீங்க."

ட்ரூடி அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நம்பர் குடுத்தீங்க. நான் பண்ணல."

"எனக்குத் தெரியும்" என்றாள் ட்ரூடி. "நான் அப்புறம் ஒருநாளாவது உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். பாடம் எடுக்கிற சந்தோஷத்துல விட்டுட்டேன்." அவள் கண் கலங்கியது. ஆர்லிஸுக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. ஆறுதலும் வேண்டாம், பழியில் பங்குக்கு ஆளும் வேண்டாம் என்று தோன்றியது. அதற்குப் பிறகு ட்ரூடியின் பாடம் எதையும் அவள் பார்க்கவில்லை.

டுவேனும் வந்தான். சண்டை போட வந்தவன் மாதிரித்தான் வண்டியிலிருந்து இறங்கினான். மேட்டின் புது விளிம்பில் போய் நின்று கீழே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "இனி இந்த மேட்டுல எவன் தண்ணி விடுவான்? தண்ணியும் போச்சு, ஆளும் போச்சு" என்றான். அவ்வளவுதான். அக்காவின் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்துவிட்டு, வைக்காமலே வண்டியில் ஏறினான்.

ஊரில் யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. தண்ணீரை நிறுத்திய ஒரே ஆள் அவள்தான் என்று செய்தித்தாளில்கூட எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு அக்கம்பக்கத்தில் எவனாவது தன் வால்வை மூடினானா என்றால், இல்லை. அந்தக் கோடையிலும் சரிவின் தலையில் வரிசையாகத் தெளிப்பான்கள் சுற்றின.

பூசை முடிந்ததும் ஃபிடெல் வெளியூரில் இருக்கும் மகளிடம் போய்த் தங்கியிருந்தான். ஏப்ரல் கடைசியில் திரும்பி வந்து ஆர்லிஸின் சமையலறைக் கதவைத் தட்டினான். சவரம் செய்து, சட்டை மாற்றி, தொப்பியைக் கையில் வைத்திருந்தான். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தான்.

"தோன்யா, அது எப்படி நடந்துச்சுன்னு எனக்கு நீங்க சொல்லணும்."

"ஃபிடெல்..."

"நீங்க படிச்சிருக்கீங்க. அவ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா, நான்தான் சரியாக் கேக்கல. முதல்லேர்ந்து சொல்லுங்க."

அவள் சொன்னாள். ஏரியில் களிமண் படிந்ததிலிருந்து தொடங்கினாள். அப்பா ஆற்றிலிருந்து குழாய் இழுத்ததைச் சொன்னாள். வருஷக்கணக்காக மேலே ஊற்றிய தண்ணீர் களிமண்ணில் தேங்கியது, சரிவுக்குள்ளேயே குளம் மாதிரி நின்றது, வால்வை மூடினாலும் அது அங்கேயே இருந்தது, பனி கரைந்து அதன்மேல் சேர்ந்தது. நிறுத்தாமல் சொன்னாள். ஒடிலியா பறித்து வந்த புதினாகூட அந்தத் தண்ணீரில் முளைத்ததுதான் என்றாள். ஃபிடெல் பாடம் கேட்கிறவன் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டான். முடிந்ததும் கேட்டான்.

"உள்ள தண்ணி இருக்குன்னு அப்பவே தெரியுமா?"

"இருக்கும்னு தெரியும். எவ்வளவுன்னு தெரியாது."

"நின்னுடுச்சான்னு அவ கேட்டப்ப?"

ஆர்லிஸ் வாயைத் திறந்தாள். ஆயிரம் சமாதானம் அவளிடம் இருந்தது. வறட்சி, கம்பி, நாணல், சிவப்புக் காகிதம். ஒன்றையும் எடுக்கவில்லை.

"தெரியாது, ஃபிடெல். எனக்கு அப்பத் தெரியாது."

ஃபிடெல் எழுந்தான். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவளுக்குப் புரிய வேண்டுமே என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"இதை அவகிட்ட அப்பவே சொல்லியிருந்தா போதுமே, தோன்யா. உங்களைத் திட்டிக்கிட்டே இங்கதான் இருந்திருப்பா."